சத்தம் வந்தால் கை தூக்கு

பொன்னியம்மாளிடம் யாரும் ரகசியம் பேசுவதில்லை. அவள் கோள் சொல்லுகிறவள் என்பதால் அல்ல. அவள் கிசுகிசுத்தாலே தெருவுக்குக் கேட்டுவிடும். காது போன நாளிலிருந்து தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. "கொழம்புல உப்பு சாஸ்தியாப் பூடுச்சு, உங்கப்பாகிட்ட சொல்லாத" என்று மகளின் காதோடு சொல்லுவாள். எதிர்வீட்டில் தறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் மேற்கொண்டு சிரிக்க மனசு வராது.

காது போனது மகள் பூவம்மாள் பிறந்த வருஷம். பிள்ளை பெற்ற உடம்பில் காசம் கண்டது. மாசக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த ஊசி நெஞ்சைக் காப்பாற்றும், சிலருக்குக் காதைப் பறித்துக்கொள்ளும். அந்தச் சிலரில் இவளும் ஒருத்தி. எல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் தெருவில் போகிற சைக்கிள் மணி போயிற்று. அப்புறம் ஏகாம்பரநாதர் கோயில் மணி. கடைசியில், மடியில் கிடந்த குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அழ, அந்த அழுகை நாலு தெரு தள்ளி யார் வீட்டிலோ கேட்பது போல இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை. உயிர் பிழைத்ததே பெரிசு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரிசுதான். யார் இல்லை என்றது?

ஆனால் இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி வீட்டில் வளைய வருகிறாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாது. "உன் பொண்ணு பேசினா நீ பேசறாப்பலவே இருக்குதும்மா" என்று தெருப் பெண்கள் வாயை அகலத் திறந்து காட்டுவார்கள். பொன்னியம்மாளுக்குத் தன் குரலே மறந்து போயிருந்தது. பூவு அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று உதட்டை அசைப்பாள், அவள் படித்துக்கொள்வாள். வீட்டுப் பேச்சு அப்படியே நடந்து வந்தது.

அவள் புருஷன் குமாரவேல் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. குமாரவேல் மிதிப்பார், பாவு என்கிற நீள இழைகள் வாய் திறக்கும், அதற்குள் நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். வலது கரையோரம் உட்கார்ந்திருக்கிற பொன்னியம்மாள் உடல் இழையைக் கரை இழையோடு கோத்துக் கரை நாடாவைப் போடுவாள். அவர் பலகையை இழுத்து அடிப்பார். மிதி, ஓட்டு, போடு, அடி. காது போன பிறகு இவளால் முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடிந்தது. பலகை அடிக்கிற அதிர்வு உட்கார்ந்த இடத்தில் தொடைக்கு வரும். அது வருவதற்கு முன்னாலேயே கை தெரிந்து வைத்திருக்கும். தலை நிமிராமல் தாளம் தப்பாமல் போடுவாள். குமாரவேலுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைக்குரிய தாளம்தான் பிற்பாடு அவர்களைப் படுத்தி வைத்தது.

எழுபத்தைந்தாம் வருஷம், சின்னக் காஞ்சிபுரத்து ஸௌந்தரராஜன் என்கிற காது டாக்டரைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு மதராஸில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்நிதித் தெருவில் தகப்பனார் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, பாட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டி. அடுத்த தை மாசம் வெளிநாட்டு வைத்தியர்கள் சிலர் மதராஸுக்கு வருகிறார்களாம். காதுக்குள்ளே கம்பியை வைத்துத் தைத்து, மின்சாரத்தால் நரம்பைத் தட்டிச் சத்தம் கேட்க வைப்பார்களாம். கொண்டு வருகிற கருவி ஒன்றே ஒன்று. அதற்கு ஏற்ற ஆளைத்தான் டாக்டர் தேடிக்கொண்டிருந்தார்.

பொன்னியம்மாள் புருஷனோடும் மகளோடும் போனாள். அங்கே பெஞ்சில் அவளுக்கு முன்னால் தாமல் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தார். மூளைக்காய்ச்சலில் காது போனவர். அவர் முறை முடிந்து வெளியே வரும்போது முகம் குழம்பிக் கிடந்தது. இரண்டாவது கம்பியில் ஏதோ லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். பாவம் என்று பொன்னியம்மாள் நினைத்தாள்.

டாக்டர் காதில் மருந்துவிட்டு மரக்க வைத்தார். செவிப்பறையைத் தாண்டி மயிரிழை போல ஒரு கம்பியை உள்ளே விட்டு எலும்பைத் தொடும்படி நிறுத்தினார். இன்னொரு கம்பியின் முனையில் ஒரு வெள்ளித் தகடு. அதை முழங்கையில் கட்டினார். "கண்ணை மூடிக்கோங்கோ. சத்தம் வந்தா கையைத் தூக்கணும்" என்றார். பூவு அதை உதட்டால் சொன்னாள்.

வந்தது. இத்தனை வருஷம் கழித்து, தலைக்குள்ளே, மாவு மில்லுக்குள் நுழைந்தாற்போல ஒரு உறுமல். கன்னம் ஒரு பக்கம் துடித்தது. பொன்னியம்மாள் கையைத் தூக்கினாள். "வருது! வருதுங்க!" என்று கத்தினாள். டாக்டர் பொத்தானை அழுத்துவார், விடுவார், கொஞ்சம் பொறுப்பார், மறுபடி அழுத்துவார். ஒவ்வொரு தரமும் கை எழும்பிற்று. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பிறகு தகட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனை உள்ள வேறு கம்பியை வைத்தார். அதே போல அழுத்தினார், விட்டார், பொறுத்தார், அழுத்தினார். பொன்னியம்மாள் கை அதே போல எழும்பி எழும்பி இறங்கிற்று. டாக்டருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டுலயும் கேக்குதுங்களா? அப்போ இன்னா வித்தியாசம்?" என்று குமாரவேல் கேட்டார்.

"பெரிய வித்தியாசம். ஜக்கார்டுல பூ நெய்யறப்போ எந்த இழை எழும்பணுமோ அது மட்டும்தானே எழும்பணும்? பாவு மொத்தமும் எழும்பினா பூ விழுமா?"

"எப்படிங்க விழும்?"

"முதல்ல வெச்ச ஒத்தைக் கம்பி பாவு மொத்தத்தையும் தூக்கறது. மின்சாரம் காதுலேர்ந்து கைத்தகடு வரைக்கும் போறதோல்லியோ, வழியில இருக்கற நரம்பெல்லாம் எழும்பிடும். அதனால லேசாக் கொடுத்தாலே பெரிசாக் கேக்கும். ஆனா வெறும் இரைச்சல்தான். இந்த ரெண்டு முனைக் கம்பியில மின்சாரம் அந்த ரெண்டு முனைக்கு நடுவுல மட்டும்தான் ஓடும். அந்த இடத்துல நரம்பு செத்துப் போயிருந்தா ஒண்ணும் கேக்காது. உயிரோட இருந்தா, இடத்துக்கு இடம் வேற வேற சத்தமாக் கொடுக்கலாம். பேச்சு புரியணும்னா அதுதான் வழி. வரப்போற கருவியும் அந்த மாதிரிதான்." டாக்டர் பூவுவின் தலையைத் தட்டினார். "உங்கம்மாவுக்கு நரம்பு உயிரோட இருக்கு. அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் பார்த்துட்டுப் பேரைக் கொடுத்துடறேன்."

பூவு இதையெல்லாம் அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று சொல்லி முடித்தபோது, பொன்னியம்மாள் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இருந்த ஆதிகேசவன், 'உங்களுக்கு ரெண்டாவது கம்பியில் கேட்டதா?' என்று எழுதிக் காட்டினார். அவள் தலையாட்டினாள். அவர் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் கல்யாணக் களைதான். கேட்க ஆரம்பித்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்லப் போகிறாய் என்று மகளை நச்சரித்தாள். "சொல்ல மாட்டேன் போ" என்று பூவு உதட்டைச் சுழித்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் வழிவிட்டார்கள். குமாரவேல் காமாட்சியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். சாமி காரியத்துக்குக்கூட மிதியைவிட்டு இறங்காத மனுஷன்.

ஒரு மத்தியானம் தறியில் இருந்தார்கள். பொன்னியம்மாள் கரையைப் பார்த்துக் குனிந்திருந்தாளே தவிர, நினைப்பெல்லாம் மகள் சொல்லப் போகிற வார்த்தையில் இருந்தது. மிதி, ஓட்டு, போடு, அடி. திடீரென்று குமாரவேல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நிமிர்ந்தாள். பாவில் ஒரு இழை அறுந்து, அவர் காலை எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மிதிக்கவே இல்லை. இவள் கை தன் பாட்டுக்கு, மூடிக் கிடந்த பாவில் கரை நாடாவைக் குத்திக்கொண்டிருந்தது. "இன்னா அவசரம்? நான் இல்லாமயே நெய்ஞ்சுடுவ போல இருக்குதே" என்று அவர் சிரித்தார். இது புதுசு இல்லை. அவ்வப்போது நடக்கும், இரண்டு பேரும் சிரித்துவிட்டு இழையைப் பிரித்துவிடுவார்கள்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெரிய உறுமலை இப்போது நினைத்தாலும் தலைக்குள் வருகிறது. இரண்டாவது சத்தம் எப்படி இருந்தது? கீச்சென்றா, கும்மென்றா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். சத்தம் நினைவுக்கு வரவில்லை, கை எழும்பியதுதான் வந்தது. காது போனதிலிருந்து உள்ளே எந்நேரமும் ஓயாத ஒரு இரைச்சல் உண்டு. அதில் எதையோ பிடித்துக்கொண்டு கேட்டது என்று நினைத்துவிட்டாளோ? டாக்டர் அழுத்தினார், பொறுத்தார், அழுத்தினார். தறி மாதிரியேதான்.

"எனக்குக் கேக்கலைங்க!" என்று வீறிட்டாள். "அந்த ரெண்டாவது கம்பியில ஒண்ணுமே கேக்கலை! கை தானாப் போச்சு!"

எதிர்வீட்டுத் தறி நின்றது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. குமாரவேல் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "டாக்டரே கேக்குதுன்னு சொல்லிட்டாரு. படிச்சவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? கெடைக்கறத ஏன் கெடுத்துக்கற? வாய மூடிக்கினு இரு."

இருந்தாள். ஒரு நாள் இருந்தாள், மறுநாளும் இருந்தாள். ஒருவேளை கேட்டிருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆதிகேசவன் கும்பிட்டது கண்ணில் வந்து வந்து நின்றது. அந்த மனுஷனுக்கு லேசாகவாவது கேட்டிருந்தால் அந்த இடம் அவருடையது அல்லவா? போகட்டும், அவர் யார், நான் யார் என்றுகூட நினைத்தாள். ஆசை அப்படி. ஆனால் வேறொன்று அவளை உட்காரவிடவில்லை. கேட்காத கம்பியைக் கேட்டதாகச் சொல்லிக் காதுக்குள் தைத்துக்கொண்டால், பூவு வந்து அந்த முதல் வார்த்தையைச் சொல்லும்போது எது கேட்கும்? அப்போதும் இந்தப் பாழாய்ப்போன கைதானே தூக்கும்?

ஞாயிற்றுக்கிழமை முன்னறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். மெதுவாகச் சொல்லுவதாகத்தான் அவள் நினைப்பு. வாசல் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அவளையே பார்த்தார். அப்புறம் தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"தப்பு என் பேர்ல. ஒரே சீரா அழுத்தினேன்" என்றார்.

இந்தத் தடவை அவர் முறையில்லாமல் அழுத்தினார். பூவு அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒற்றைக் கம்பியில் சத்தம் வந்தபோதெல்லாம் கை எழும்பியது, வராதபோது எழும்பவில்லை. இரண்டு முனைக் கம்பியை வைத்ததும் கை மறுபடி தறிக்குப் போய்விட்டது. அழுத்தாதபோது எழும்பிற்று, அழுத்தியபோது மடியில் கிடந்தது. மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தார். காது வலித்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. பொன்னியம்மாள் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். பூவு தலையை ஆட்டவே இல்லை, அழுதுகொண்டிருந்தாள். அதிலேயே பதில் இருந்தது.

வாத்தியாருக்கு நேற்று மதராஸில் சோதித்துப் பார்த்ததாகவும், அவருக்கு உண்மையாகவே லேசாகக் கேட்கிறது என்றும் டாக்டர் குமாரவேலிடம் சொன்னார். குமாரவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

காதிலிருந்து கம்பியை எடுக்க டாக்டர் குனிந்தபோது பொன்னியம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"அந்த ஒத்தைக் கம்பி... பெரிசா வருதே... அதுல எம் பொண்ணப் பேச வைக்க முடியுங்களா?"

டாக்டர் சிலேட்டை வாங்கி எழுதினார். 'முடியும். ஆனால் வார்த்தை புரியாது. வெறும் இரைச்சல். கம்பியை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். செவிப்பறையை இனிமேலும் துளைக்க முடியாது.'

"இருக்கட்டும்" என்றாள். "ஒரு தடவ போதும்."

ஒற்றைக் கம்பியை மறுபடி உள்ளே விட்டுத் தகட்டை முழங்கையில் கட்டினார். பெட்டியோடு ஒரு மைக்கை இணைத்துப் பூவுவின் கையில் கொடுத்தார். பூவு அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கை வாயருகில் வைத்துப் பேசினாள்.

ஒன்றும் வரவில்லை.

உதடு அசைந்துகொண்டே இருந்தது. பொன்னியம்மாளுக்கு ஒரு முனகல்கூட வரவில்லை. ஒற்றைக் கம்பியும் போய்விட்டது, இதுவும் கை செய்த வேலைதான் போலிருக்கிறது என்று அவள் மனசு விட்டுப் போனது. டாக்டர் பெட்டியைத் திருகினார், கம்பியை அசைத்துப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து பூவுவைப் பார்த்தார்.

"ஏம்மா, குரலே காணுமே? சத்தமாப் பேசேன்."

பூவு திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். குமாரவேல் சுவரிலிருந்து திரும்பினார்.

"அவ அம்மாகிட்ட எப்பவும் இப்படித்தாங்க" என்றார். "சின்னப் புள்ளையிலேருந்தே வாய மட்டும் அசைக்கும். கேக்காதுன்னு அதுக்குத் தெரியுமில்ல, குரலே குடுக்காது. நாங்களும் பழகிட்டோம்."

டாக்டர் அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பொன்னியம்மாள் படித்தாள். இத்தனை வருஷமும் தன் எதிரில் நின்று பேசிய பிள்ளை ஒரு நாளும் தன்னைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னத்தை இழந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

"கூப்புடுடி" என்றாள்.

பூவு வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது, குரல் வரவில்லை. அப்பாவிடம் தெருக்கோடி வரைக்கும் கத்துகிற பெண்ணுக்கு அம்மாவிடம் கத்த வரவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மறுபடி திறந்தாள்.

வந்தது. உறுமல்தான். குரல் என்று சொல்ல முடியாது. அதே மாவு மில்தான். ஆனால் பூவுவின் வாய் திறந்தபோது அது எழும்பியது, உதடு கூடியபோது தணிந்தது, மறுபடி திறந்தபோது நீண்டு நின்றது, வாய் மூடியதும் நின்றுவிட்டது. என்ன வார்த்தை என்று காதுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. பெற்றவளைப் பிள்ளைகள் கூப்பிடுகிற வார்த்தைதான்.

பொன்னியம்மாளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. கண் பார்த்ததைக் காது கேட்டதாக நினைத்துக்கொள்கிறேனோ? ஒருமுறை ஏமாந்தவள். "கொஞ்சம் இரு" என்றாள். "நான் கண்ண மூடிக்கறேன். ஒனக்கு எப்போ தோணுதோ அப்போ கூப்புடு. ஒடனே கூப்புடாத."

கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. மிதி, ஓட்டு என்று உடம்பு ஆரம்பித்தது. போடு என்று வலது கை துடித்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுபடி துடித்தது, மறுபடி அழுத்தினாள். இன்னும் ஒன்றும் இல்லை. வெறும் இருட்டும் பழைய இரைச்சலும்தான். கை மெல்ல மெல்ல அடங்கி மடியில் செத்தாற்போலக் கிடந்தது. தறி நின்றுவிட்டது. அவள் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தாள்.

அப்போது அது எழும்பித் தணிந்து நீண்டது.

பொன்னியம்மாள் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமலே, மகளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று கிசுகிசுத்தாள்.

"கேக்குதுடி."

சந்நிதித் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.